கோச் குரலில் ஏழு வாரம்

அக்கா, இந்தக் கதையைக் கேட்டா நீங்க வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இப்பவே சிரிச்சுடக் கூடாது. சிரிக்கற இடம் வந்ததும் நானே சொல்றேன். ராத்திரி சரியாத் தூங்கலை, அதனால எங்கயாவது விட்டுட்டேன்னா கேளுங்க.

உங்க வீட்டுக்காரர் எத்தனாம் நம்பர்? இருநூத்திப் பன்னெண்டா? முதல் தடவைன்னா நிதானமாத்தான் வருவார், உட்காருங்க. எங்கம்மா நூத்தி நாப்பத்தொண்ணு. கடல்லருந்து ஏறி வந்ததைப் பார்த்துட்டேன். சைக்கிளை எடுத்துட்டுப் போயிருக்காங்க, நாலு சுத்து. எட்டேகால் வாக்குல வந்து, இந்த வேலிக்கு அந்தப் பக்கம் கம்பியில சைக்கிளை மாட்டுவாங்க. மத்தவங்க எல்லாம் மாட்டிட்டு, ஷூ போட்டுக்கிட்டு, பத்து கிலோமீட்டர் ஓடப் போவாங்க. எங்கம்மா ஷூ போடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போட்டா குதிகால் எலும்பு ஒடியும்.

இருங்க, முதல்லருந்து வர்றேன்.

எனக்குக் குரல் வரும்க்கா. பாட்டுக் குரல் இல்ல, அடுத்தவங்க குரல். எங்க பிரின்சிபால், அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், காலைல குப்பை வண்டியில ஓடற அறிவிப்பு, எல்லாம் வரும். ஒன்பதாவது படிக்கறப்ப எங்கப்பா குரல்ல ஸ்கூலுக்கு போன் போட்டு, "ஏனுங் மேடம், பாப்பாவுக்குக் காச்சலுங், இன்னிக்கு ஒரு நாளு விட்டுருங்"ன்னு எனக்கு நானே லீவு வாங்கினேன். பதினைஞ்சு நாள் கழிச்சு நிஜ அப்பா போன் பண்ணினார். அந்த மேடம், "மகிழினி, மரியாதையா போனை வை"ன்னுட்டாங்க. அப்பா ரெண்டு நாள் யார் கூடவும் பேசலை. இல்லக்கா, இது சிரிக்கற இடம் இல்ல. இது சும்மா வழியில வந்தது.

எங்கம்மா பேரு கோகிலவாணி. நாப்பத்திநாலு வயசு. கோயமுத்தூர்ல ஒரு நூல் மில்லுல டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, யார் லேட்டு, யார் வரலை, அதைப் பார்க்கற வேலை. நாலு வருஷத்துக்கு முன்னாடி மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு நடக்க ஆரம்பிச்சாங்க. நடந்தவங்க ஓடினாங்க. ஓடினவங்க நீச்சல் கத்துக்கிட்டாங்க. அப்புறம் சைக்கிள் வந்துச்சு, ஹால்ல டிவிக்குப் பக்கத்துல சாய்ஞ்சு நின்னுச்சு. எங்கப்பா மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். அவர் சைக்கிளை மூணு சுத்துச் சுத்திப் பார்த்துட்டு, "இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன், ஒரு ஸ்டேண்டு வைக்கறதுக்கா மறந்துட்டான்"ன்னார்.

காலைல நாலரைக்கு எந்திரிப்பாங்க. ஆறரைக்கு ஈரத் தலையோட வந்து குக்கர் வைப்பாங்க. எட்டுக்கு மில்லு. சாயங்காலம் வந்து சமைச்சு, சாப்பிடறப்பத் தட்டுலயே தூங்குவாங்க. நிஜமாத்தான், கையில சோத்தைப் பிடிச்சபடி. நான் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன், பாதியில கண்ணு மூடிடும். அதனால சொல்றதை விட்டுட்டேன். அதுல எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க.

இவங்களுக்கு ஒரு கோச். ஜெபசிங் சார், நாகர்கோவில்காரர். நேர்ல பார்த்தது ஒரே ஒரு தடவை, மத்தபடி எல்லாம் வாட்ஸாப்தான். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வாய்ஸ் நோட் வரும், நாளைக்கு என்ன செய்யணும்னு. அம்மா அடுப்படியில ஸ்பீக்கர்ல போட்டு, கேஸைச் சின்னதா வச்சுட்டு, கையைத் துடைச்சுட்டுக் கேப்பாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். முதல்ல ஒரு கனைப்பு. அப்புறம், "மக்களே, கேட்டியளா? நாளைக்கு நாப்பது நிமிசம் நீச்சல். பைய போனாப் போதும். வெப்ராளப்படாண்டாம்." அவசரப்படாதீங்கன்னு அர்த்தம். அப்பா சொன்னாக் கேக்க மாட்டாங்க, டாக்டர் சொன்னாக் கேக்க மாட்டாங்க. அந்தக் கனைப்பு சொன்னாக் கேப்பாங்க.

பொங்கல் முடிஞ்சு குதிகால் வலிச்சிருக்கு. வலிக்குதுன்னு வாயத் திறந்தது பிப்ரவரியில. ஸ்கேன் எடுத்தா எலும்புல முடி மாதிரி ஒரு விரிசல். அந்த டாக்டர் மூக்காலயே பேசுவார், "பத்து வாரம் ஓடவே கூடாதும்மா. மீறி ஓடினா முழுசா ஒடியும். அப்புறம் நான் கம்பி வச்சுத் தைச்சாலும் நொண்டித்தான் நடப்பீங்க." அம்மா நல்லாத் தலையாட்டினாங்க. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த இந்த ரேஸுக்கு எட்டு மாசத்துக்கு முன்னாடியே பேர் குடுத்தாச்சு, ரேஸ் ஏப்ரல்ல. பத்து வாரம் முடியறதுக்குள்ள வந்துடுது.

கோச்சுக்கு இதைச் சொல்லவே இல்ல பாருங்க. சொன்னா ரேஸ் வேண்டாம்பார்னு. அவர் பாட்டுக்கு ஓடச் சொல்லி அனுப்பறார், இவங்க பாட்டுக்கு மில்லு கிரவுண்டுல ஷிப்டுக்கு முன்னாடி ஓடறாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு நாள் சாயங்காலம் பாத்ரூம் கதவு சரியாச் சாத்தலை. தரையில உட்கார்ந்து பக்கெட்டுல ஐஸ் போட்டுக் காலை விட்டிருந்தாங்க. வாயில துண்டு. அப்பா ஹால்ல நியூஸ் பார்த்துட்டு இருக்கார், சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு துண்டைக் கடிச்சிருக்காங்க. நான் பார்த்துட்டுப் பேசாம வந்துட்டேன். அப்பாகிட்டச் சொன்னா மறுநாளே சைக்கிள் வீட்டுல இருக்காது.

இந்த விளையாட்டு எனக்கு அடுத்த நாள்தான் தோணிச்சு. சும்மா, விளையாட்டுக்குத்தான்க்கா.

அம்மா குளிக்கப் போனப்ப அவங்க போன்லருந்து ஜெபசிங் சாருக்கே கூப்பிட்டேன், அம்மா குரல்ல. "சார், வணக்கம் சார். கால்ல ஒரு சின்ன அடிங்க சார். ரெண்டு மூணு மாசம் நிறுத்திக்கறேன் சார்." நல்ல மனுஷன். "காலு முக்கியம் மக்களே, சரியான பொறவு சொல்லுங்க"ன்னார். போனை வச்சதும் அந்த நம்பரை பிளாக் பண்ணினேன். என் பழைய போன்ல ஒரு புது சிம் போட்டு, தொப்பி வச்ச அவர் போட்டோவையே வச்சேன். அன்னைக்கு ஏழு மணிக்கு என் ரூம்லருந்து ஒரு கனைப்பு. "மக்களே, பழைய போன் கடல்ல விழுந்து போச்சு, இனி இதான் நம்பர். பொறவு, உங்க நடையப் பாத்த ஒரு ஆளு சொன்னாரு, காலு இழுக்குதாம். எங்கிட்ட மறைச்சா என்ன அர்த்தம்? இண்ணையோட ஓட்டத்த நிறுத்துங்க. நீச்சல் மட்டும். கேட்டியளா?"

அடுப்படியில எட்டிப் பார்த்தேன். கரண்டியைக் கையில பிடிச்சபடி நிக்கறாங்க. "சரிங்க சார்"ன்னு போனைப் பார்த்துச் சொல்றாங்க, ரெக்கார்டு பட்டனைக் கூட அமுக்காம. நான் ரூமுக்குப் போய்த் தலையணையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். மறுநாள் ஓடலை. அதுக்கு மறுநாளும் ஓடலை.

முதல் பத்து நாள் சொர்க்கம்க்கா. "எலும்பு சேரணும்னா புதங்கெழம நாட்டுக்கோழி சூப்பு வைக்கணும். ஒத்தைக்குக் குடிக்கப்பிடாது, வீட்டுல எல்லாரும் குடிக்கணும்." வந்துச்சு சூப்பு. "ஞாயித்துக்கெழம டிரெயினிங் கெடயாது, குடும்பத்தோட இரிங்க." இருந்தாங்க. மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டோம். அப்பா மோர் ஊத்திக்கிட்டே, "அந்த நாகர்கோயில்காரரு நல்ல மனுசராட்ட இருக்குது"ன்னார். எனக்குப் புரையேறிடுச்சு.

ரெண்டாவது வாரம் ஒரு நாள், அம்மா ஆபீஸ்லருந்து வந்ததும் பையைக் கூட வைக்காம என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. "என்னம்மா?"ன்னேன். "மில்லுக்கு ஒரு போன் வந்துச்சு"ன்னாங்க. "யாரு?"ன்னேன். "தெரிஞ்சவர்தான். கால் எப்படி இருக்குன்னு விசாரிச்சார்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு அப்ப உசிர் போய் வந்துச்சு, மாட்டிக்கிட்டேன்னு நினைச்சேன். ஆனா பாருங்க, அன்னைக்கும் கோச் பேச்சுக்கு "சரிங்க சார்"தான். எங்கம்மா அப்படித்தான், ஒருத்தரை நம்பிட்டா நம்பினதுதான்.

அன்னைக்குத்தான் முதல் தடவையா கோச்சுக்கு நீளமா வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் ரெண்டு வார்த்தை, ஒரு கும்பிடு. இப்ப மொட்டை மாடிக்குப் போய் மூணு நிமிஷம், நாலு நிமிஷம். அப்படியே சொல்றேன் கேளுங்க. "சார், ஓடாம இருந்தா எனக்குக் கோபம் வருதுங்க சார். யார் மேலன்னு தெரியலை. பன்னெண்டு வருஷமா வாசல்ல உட்கார்ந்து மத்தவங்க வர்ற நேரத்தையே எழுதிட்டு இருக்கேன். காலைல அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் என் பேர்ல எழுதற நேரம். அதை வீட்டுல யார்கிட்டயும் சொல்லத் தெரியலை. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

எங்கிட்ட இதையெல்லாம் சொன்னதே இல்ல. யாரோ ஒரு நாகர்கோவில்காரர்கிட்டச் சொல்றாங்க. அந்த நாகர்கோவில்காரர் நான்தான்னாலும், எனக்குக் கொஞ்சம் எரிச்சலா இருந்துச்சு.

அப்புறம்தான் தலைவலி. கோச்னா பதில் சொல்லணுமில்ல. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே ஓடற பயிற்சி செய்யலாமா சார்? கெண்டைக்கால் இறுகினா என்ன பண்ணணும் சார்? நான் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். குதிகால்ல எத்தனை எலும்புன்னு உட்கார்ந்து படிச்சேன். துண்டைக் கால் விரலால சுருட்டற பயிற்சி, படியில நின்னு குதிகாலை இறக்கற பயிற்சி, எதை எந்த வாரம் செய்யலாம், எல்லாம் நோட்டுல எழுதி வச்சேன். தப்பாச் சொல்லிட்டா எலும்பு போயிடுமே. நம்ப மாட்டீங்க, என் பரீட்சைக்குக் கூட நான் அப்படிப் படிச்சதில்ல.

பரீட்சைன்னதும் ஞாபகம் வருது. ஒரு நாள் மாடியிலருந்து வாய்ஸ் நோட். "சார், கால் பரவால்லைங்க. மனசுதான் சரியில்ல. பொண்ணு கணக்கு டியூஷனுக்குப் போறேன்னு சொல்லிட்டு பேக்கரியில உட்கார்ந்திருக்கா. நான் என்ன செய்யட்டும் சார்? நீங்க சொன்னா அப்படியே செய்யறேன்." சொல்லுங்க, நான் என்ன சொல்ல முடியும்? விடுங்கன்னா, இவரென்ன பெரிய மனுஷர்னு சந்தேகம் வந்துடும். அதனால என் தலையில நானே போட்டுக்கிட்டேன். "பிள்ள படிக்கணும் மக்களே. நீங்களே கூட்டிட்டுப் போய் விட்டு, முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க." மறுநாள்லருந்து வண்டியில ஏத்தி, வாசல்ல விட்டு, ஒண்ணேகால் மணி நேரம் அங்கயே உட்கார்ந்திருந்தாங்க. "சார் சொல்லிட்டார், தட்ட முடியுமா?"ன்னாங்க. முகத்துல ஒரு சிரிப்பும் இல்ல.

வண்டியில போறப்பவும் வர்றப்பவும் பேசித்தான் ஆகணும், இல்லையா. ஏதேதோ பேசினோம். அது வேற விஷயம்.

அந்தக் கோச் குரல் அடித்தொண்டையிலருந்து வரணும்க்கா. நாலாவது வாரத்துல எனக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. அம்மா தினமும் ஏழரைக்கு மிளகுப்பால் கொண்டுவந்து மேஜையில வச்சுட்டுப் போவாங்க. எதுக்கும்மான்னா, "பனிக்காலம்"பாங்க. மார்ச் மாசம்க்கா. கோயமுத்தூர்ல மார்ச்ல ஏது பனி? பாவம், களைப்புல அவங்களுக்கு மாசமே மறந்து போச்சு.

அஞ்சாவது வாரம்னு நினைக்கறேன். அந்த வாய்ஸ் நோட் மட்டும் நான் யாருக்கும் பேசிக் காட்டினதில்ல. உங்களுக்கும் குரல் எடுக்காமச் சொல்றேன். "என் பொண்ணு யார் குரல்ல வேணும்னாலும் பேசுவா சார். எங்கிட்ட அவ குரல்ல பேசறதுதான் இல்ல. நான் தூங்கிடறேன்னு நினைச்சுக்கிட்டா. கண்ணுதான் சார் மூடுது, காது கேட்டுட்டுத்தான் இருக்கு. கூடவே உட்கார்ந்திருந்த ரஞ்சனா ஸ்கூல் மாத்திப் போனது, இவ மூணு நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமக் கொண்டு வந்தது, எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். எந்திரிச்சு உட்கார உடம்பு வரலை. அது என் தப்பு."

பதில் அனுப்பணும். ஏழெட்டுத் தடவை ரெக்கார்டு பண்ணி அழிச்சேன். கனைப்பு சரியா வருது, அதுக்கு மேல வரலை. கடைசியில, "பிள்ளைக்கு அதெல்லாம் தெரியும் மக்களே, நீங்க காலப் பாருங்க"ன்னு அனுப்பிட்டேன். அன்னைக்கு மிளகுப்பால் கூட ஒரு பேரீச்சம்பழமும் இருந்துச்சு.

போதும்னு ஆயிடுச்சுக்கா. ஒரு ஆளா இருக்கறதே கஷ்டம், நான் ரெண்டு ஆளா இருக்கேன். சாயங்காலம் ஆறரை ஆனா நோட்டைப் பிரிச்சுக்கிட்டு உட்காரணும், இன்னைக்கு என்ன சொல்றதுன்னு. இந்த சிம்மைக் கழட்டி எறிஞ்சுட்டு நாள் பூரா தூங்கணும் போல இருக்கு. ஆனா இன்னைக்கு ஒரு நாள் தாண்டணும். டாக்டர் போன வாரம் பார்த்துட்டு, நீச்சல், சைக்கிள் சரி, ஓட்டம் இன்னும் மூணு வாரம் ஆகணும்னுட்டார். நேத்து சாயங்காலம் லாட்ஜ் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அனுப்பினேன். "மக்களே, நாளைக்கு நீச்சலும் சைக்கிளும் மட்டும். சைக்கிள மாட்டிட்டு வெளிய வந்துரணும். ஓட்டத்துல கால வச்சியள்னா, நான் உங்க கோச் இல்ல."

கேட்டாங்க. நீல டிக் விழுந்துச்சு. ஆனா பதில் இல்ல. ஏழு வாரத்துல முதல் தடவையா "சரிங்க சார்" வரலை. ராத்திரி என் பக்கத்துக் கட்டில்ல கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாங்க. கேக்கவும் முடியலை, நான் கோச் இல்லையே அந்த நேரத்துல. அப்புறம் இன்னைக்குக் காலைல அஞ்சு நாற்பதுக்கு, கடல்ல இறங்கறதுக்கு முன்னாடி, ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காங்க. இதோ. நான் இன்னும் திறக்கலை. "மன்னிச்சுக்கங்க சார், ஓடிடறேன்"ன்னு சொல்லியிருந்தா நான் என்ன செய்வேன்? இந்த வேலியைத் தாண்ட விட மாட்டாங்க. அப்பா வேற அந்த வளைவுல வீடியோ எடுக்கறேன்னு நிக்கறார், அவருக்கு இதுல ஒண்ணுமே தெரியாது.

சரி, இப்பச் சிரிக்கலாம்க்கா. இதுதான் அந்த இடம். ஆயிரம் பேர் வர்ற நேரம் போற நேரம் பார்க்கறவங்க, ஒருத்தர் அட்டையை இன்னொருத்தர் தேய்ச்சாக் கூடக் கண்டுபிடிக்கறவங்க, சொந்தப் பொண்ணு பக்கத்து ரூம்லருந்து பேசறதை ஏழு வாரமாக் கண்டுபிடிக்கலை. என்னக்கா, சிரிக்கலையா? ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நான் சொன்ன விதம் சரியில்லையோ. நல்லாச் சொல்வேன், இன்னைக்குத்தான் இப்படி ஆயிடுச்சு.

போட்டுக் கேக்கணுங்கறீங்களா. சரி, நீங்க பக்கத்துல இருக்கீங்க, போடறேன். ரெண்டு பேருமே கேப்போம்.

"சார், வணக்கம். கோகிலவாணி பேசறேன். நேத்து பதில் சொல்லலை, மன்னிக்கணும். கோபமா இருந்தேன். எட்டு மாசமா நினைச்சுட்டு இருந்த கடைசிக் கோட்டை இந்தத் தடவை தாண்ட முடியாதுன்னு கோபம். உங்க மேல இல்லைங்க சார்."

கடல் சத்தம் கேக்குது பாருங்க. வரிசையில நின்னுக்கிட்டே பேசியிருக்காங்க.

"ஓடற ஷூவை நான் எடுத்துட்டு வரலைங்க சார். பையில வச்சேன், எடுத்தேன், மறுபடி வச்சேன். கடைசியில வீட்டுலயே விட்டுட்டேன். அதனால நீங்க பயப்பட வேண்டாம். சைக்கிளை மாட்டிட்டு நேரா வெளிய வந்துடுவேன்."

எடுத்துட்டு வரலையாம்க்கா. வீட்டுலயே விட்டுட்டாங்களாம். அப்பாடா. இருங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க. இன்னும் இருக்கு, ஓடிட்டு இருக்கு.

"அப்புறம் சார், நேத்து ராத்திரி நீங்க ஒண்ணுமே சாப்பிடலை. காலைலயும் வெறும் வயித்தோட வந்துட்டீங்க. உங்க பையில முன்பக்க ஜிப்புல டப்பா வச்சிருக்கேன். இட்லிதான், பொடி தடவினது. நான் வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்காம, உட்கார்ந்து சாப்பிட்டுடுங்க."

முடிஞ்சுடுச்சு.

நாகர்கோவில்ல இருக்கற மனுஷனுக்கு இவங்க எப்படி டப்பா வைக்க முடியும்? ஜெபசிங் சார் பை அவர்கிட்டத்தானே இருக்கும். அவர் நேத்து சாப்பிட்டாரா இல்லையான்னு இவங்களுக்கு எப்படி...

அக்கா, என் மடியில இருக்கற இந்தப் பையோட முன்பக்க ஜிப்பைக் கொஞ்சம் திறங்களேன். டப்பா இருக்கான்னு நீங்களே பாருங்க.